கேம் கன்சோலுக்குத் துணைச் சாதனங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பிள்ளைகளுக்காக ஒரு கேம் கன்சோலும் வாங்குபவர்கள் உண்டு. கன்சோல் வாங்குவதில் அதிகக் குழப்பம் இல்லை. பிளே ஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் என மூன்று பெயர்கள்தான் முக்கியமானவை. எது வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துவிடுகிறார்கள். குழப்பம் தொடங்குவது பில் போடும் இடத்தில்தான். "இதையும் சேர்த்து எடுத்துக்குங்க சார், இது இல்லாம முடியாது" என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அவற்றில் எது உண்மையில் தேவை, எது தேவையில்லை என்பது நமக்குத் தெரியாது.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தன் மகனுக்குப் பிளே ஸ்டேஷன் 5 வாங்கினார். கன்சோலுடன் சேர்ந்து வீட்டுக்கு வந்தவை: ஒரு சார்ஜிங் ஸ்டாண்டு, ஒரு கூலிங் ஃபேன், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், ஒரு புளூடூத் ஹெட்செட், முந்தைய மாடல் கண்ட்ரோலர் ஒன்று, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். மொத்தம் ஆறு பொருட்கள். அவற்றில் இன்று பயன்பாட்டில் இருப்பது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். மற்ற ஐந்தும் ஏன் பயன்படவில்லை என்பது இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

பிளே ஸ்டேஷன் 5-ஐ முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டும் எங்கெல்லாம் மாறுபடுகின்றன என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வேறு, கன்சோல் வேறு

கம்ப்யூட்டரில் எந்த நிறுவனத்தின் கீ போர்டையும் மவுஸையும் செருகலாம். விண்டோஸ் அதைப் புரிந்துகொள்ளும். புரியாவிட்டால் அதற்குரிய டிரைவர் சாப்ட்வேரை நாமே தேடி நிறுவிக்கொள்ளலாம். கன்சோலில் அந்த வசதி கிடையாது. டிரைவர் நிறுவும் வேலையே அங்கு இல்லை. எந்தச் சாதனத்தை ஏற்பது, எதை மறுப்பது என்பதைக் கன்சோல் தயாரித்த நிறுவனம் முன்கூட்டியே தீர்மானித்து, கன்சோலின் சிஸ்டம் சாப்ட்வேரில் எழுதி வைத்துவிடுகிறது. கண்ட்ரோலர், ஸ்டியரிங் வீல் போன்றவற்றில் கன்சோல் அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு உள்ளேயே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பிளக் சரியாகப் பொருந்தினாலும் கன்சோல் கண்டுகொள்ளாது.

எனவே "பொருந்துகிறது" என்பதும் "வேலை செய்கிறது" என்பதும் இங்கு வேறு வேறு. யு.எஸ்.பி. பிளக்கைப் பார்த்து மட்டும் எதையும் வாங்காதீர்கள். வாங்கும் முன் கீழ்க்கண்ட மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது கன்சோல் பெட்டியிலேயே வந்திருக்கிறதா?
2. கம்ப்யூட்டருக்காக வாங்கிய பொருள் ஒன்று வீட்டில் இதே வேலையைச் செய்யுமா?
3. என் கன்சோலின் பெயரும் மாடலும் இந்தப் பொருளின் அட்டைப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறதா?

முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் வாங்க வேண்டாம். மூன்றாவதற்கு "இல்லை" என்று வந்தாலும் வாங்க வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேமிப்பு இடம்

துணைச் சாதனங்களில் உண்மையிலேயே தேவைப்படக்கூடியது இதுதான். 2000-ல் வெளியான பிளே ஸ்டேஷன் 2-க்கு 8 எம்.பி. மெமரி கார்டு வாங்கினால்தான் விளையாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. விளையாட்டு டிஸ்க்கில் இருந்தது. நம் முன்னேற்றம் மட்டும் கார்டில் பதிவானது. இன்று டிஸ்க்கில் வாங்கினாலும் விளையாட்டைக் கன்சோலுக்குள் முழுவதுமாக நிறுவ வேண்டும். பெரிய விளையாட்டுகளில் பல 50 முதல் 100 ஜி.பி. வரை இடம் பிடிக்கின்றன. 2020-ல் வந்த முதல் பிளே ஸ்டேஷன் 5-ல் இருந்தது 825 ஜி.பி.; அதில் நமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 667 ஜி.பி. 2023 இறுதியில் வந்த சிறிய மாடல் 1 டி.பி. கொள்ளளவுடனும், 2024-ல் வந்த புரோ மாடல் 2 டி.பி.யுடனும் வெளியாயின. எனவே கன்சோல் வாங்கியவுடன் இடம் போதாமல் போகாது. ஏழெட்டு பெரிய விளையாட்டுகள் சேர்ந்த பிறகுதான் இடம் நெருக்கும். அதுவரை காத்திருக்கலாம்.

இடம் போதவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, யு.எஸ்.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். செலவு குறைவு. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பிளே ஸ்டேஷன் 5-க்கென வெளியான விளையாட்டுகளை இந்த ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்க மட்டுமே முடியும். அதிலிருந்து நேரடியாக விளையாட முடியாது. விளையாட வேண்டுமானால் உள் நினைவகத்துக்கு மாற்ற வேண்டும். பிளே ஸ்டேஷன் 4 விளையாட்டுகளை மட்டும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே இயக்கலாம். காரணம் வேகம். பிளே ஸ்டேஷன் 5 விளையாட்டுகள் வினாடிக்குப் பல ஆயிரம் எம்.பி. வேகத்தில் தகவல் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரைதான் தரும்.

அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஜி.பி. விளையாட்டை அழித்துவிட்டு, பிறகு வினாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் மீண்டும் டவுன்லோட் செய்தால் ஐந்தரை மணி நேரம் ஆகும். அதையே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வினாடிக்கு 125 எம்.பி. வேகத்தில் மாற்றினால் பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் பிராட்பேண்டில் மாத அளவுக்கு வரம்பு இருந்தால் அந்த 100 ஜி.பி.யும் மிச்சம். எனவே இதை விளையாடும் இடமாக நினைக்காமல், பரண் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* கொள்ளளவு 250 ஜி.பி.க்குக் குறையாமலும் 8 டி.பி.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.
* வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகமுள்ள யு.எஸ்.பி. 3 வகையாக இருக்க வேண்டும். பழைய யு.எஸ்.பி. 2 டிஸ்க்கை ஏற்காது.
* யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைக்கக் கூடாது. கன்சோலிலேயே நேரடியாகச் செருக வேண்டும்.
* பின்புறப் போர்ட்டில் செருகுங்கள். முதல் மாடலின் முன்புறத்தில் உள்ள அகலமான யு.எஸ்.பி. போர்ட் குறைந்த வேகமுடையது. அதில் இது வேலை செய்யாது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. விளையாட்டுகளை வைக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கன்சோல் தன் முறைப்படி ஃபார்மேட் செய்யும். அதில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும். நான் சொன்ன நண்பரின் வீட்டில், புது ஹார்ட் டிஸ்க் வருவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் மேசையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை மகன் கன்சோலில் செருகிவிட்டான். அதில் அவர்களுடைய திருமணப் போட்டோக்களும், இப்போது உயிரோடு இல்லாத பாட்டியின் வீடியோக்களும் இருந்தன. வேறு எங்கும் பிரதி கிடையாது. ஃபார்மேட் செய்யும் திரை வரை வந்துவிட்ட பையன், "அப்பா, ஓகே கொடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டதால் எல்லாம் தப்பித்தது. எனவே கன்சோலுக்கு என்று தனி ஹார்ட் டிஸ்க் ஒதுக்குங்கள். அதன் மேல் "கேம்" என்று ஒரு லேபிள் ஒட்டுங்கள். குடும்பப் போட்டோ உள்ள டிஸ்க்கைக் கன்சோல் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கன்சோல் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். ஓகே கொடுத்தால் விளையாட்டுகள் அனைத்தும் போய்விடும். கேன்சல் கொடுத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, கன்சோலுக்குள் பொருத்தும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி. இதிலிருந்து பிளே ஸ்டேஷன் 5 விளையாட்டுகளை நேரடியாக விளையாடலாம். 2021 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்த வசதி கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்கு விற்கும் அதே எஸ்.எஸ்.டி.தான், "கேம் கன்சோல் ஸ்பெஷல்" என்று கூடுதல் விலையில் விற்பதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4-ஆம் தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். படிக்கும் வேகம் வினாடிக்கு 5,500 எம்.பி. அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது என்கிறது சோனி. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கட்டாயம் இருக்க வேண்டும். அதையும் சேர்த்து மொத்த உயரம் 11.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இந்த மூன்றையும் சரிபார்க்கவும். 3-ஆம் தலைமுறை எஸ்.எஸ்.டி. அதே துளையில் உட்காரும், ஆனால் பயன்படாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் நிலைமை வேறு. அவற்றின் பின்புறம் உள்ள தனித் துளையில் அதற்கென்றே தயாரித்த எக்ஸ்பான்ஷன் கார்டு செருக வேண்டும். பொருத்துவது மிகச் சுலபம், விலைதான் அதிகம். யு.எஸ்.பி. 3 ஹார்ட் டிஸ்க்கும் இணைக்கலாம். முந்தைய தலைமுறை எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளை அதிலிருந்து விளையாடலாம். புதிய தலைமுறைக்கெனத் தயாரானவற்றைப் பரண் போல வைத்திருக்கலாம்.

நிண்டெண்டோ ஸ்விட்சில் மைக்ரோ எஸ்.டி. கார்டு போடலாம். முதல் மாடலில் உள் நினைவகம் 32 ஜி.பி. மட்டுமே என்பதால் அதற்குக் கார்டு பெரும்பாலும் தேவைப்படும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் உள் நினைவகம் 256 ஜி.பி. அதில் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டுதான் வேண்டும். மொபைல் போனில் போடும் சாதாரணக் கார்டு பார்ப்பதற்கு அதே அளவில் இருந்தாலும் விளையாட்டுக்குப் பயன்படாது.

கார்டு விஷயத்தில் போலிகள் அதிகம். 32 ஜி.பி. கார்டில் 512 ஜி.பி. என்று அச்சிட்டு விற்கிறார்கள். கம்ப்யூட்டரில் செருகினாலும் 512 என்றே காட்டும். உண்மையான கொள்ளளவுக்கு மேல் எழுதப்படுபவை காணாமல் போகும். இங்கு உங்கள் கம்ப்யூட்டர் உதவும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராம், கார்டு முழுவதும் சோதனைத் தகவலை எழுதி, பிறகு திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் ஆகும். கார்டு வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். போலி என்றால் பில்லோடு திருப்பிக் கொடுக்க நேரம் இருக்கும்.

சேமித்த ஆட்டத்துக்குப் பாதுகாப்பு

விளையாட்டு போனால் மீண்டும் டவுன்லோட் செய்யலாம். ஆறு மாதம் விளையாடிச் சேமித்த முன்னேற்றம் போனால் திரும்பாது. பிளே ஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேமிப்பை மட்டும் தனியே பென் டிரைவில் காப்பி செய்ய முடியாது. பிளே ஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் இணையத்தில் பிரதி இருக்கும். சந்தா இல்லாதவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குச் சென்று, பேக்கப் அண்ட் ரெஸ்டோர் மூலம் கன்சோலின் தகவலை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் பிரதி எடுக்கலாம். விளையாட்டுகளை விட்டுவிட்டுச் சேமிப்புகளை மட்டும் தேர்வு செய்தால் சிறிய டிஸ்க்கே போதும். இந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். விளையாட்டு வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் இதற்கு ஆகாது. ரெஸ்டோர் செய்யும்போது கன்சோலில் அப்போது இருப்பவை அழியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம்

கடைக்காரர் சொல்லாமல் விடுவதும், நம் ஊரில் முதலில் வாங்க வேண்டியதும் இதுதான். கன்சோல் ஒரு கம்ப்யூட்டர். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்த நேரத்தில் எழுதப்பட்ட சேமிப்பு கெட்டுப்போகலாம். மீண்டும் இயக்கும்போது சரியாக நிறுத்தப்படவில்லை என்று கன்சோல் எச்சரித்து, சேமிப்பகத்தைச் சோதிக்கத் தொடங்கும். ரெஸ்ட் மோடில் இருக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் இருப்பவர்கள் இரவில் ரெஸ்ட் மோடில் விடாமல் முழுவதுமாக நிறுத்திவிடுவது நல்லது.

கம்ப்யூட்டருக்கு வாங்கிய யு.பி.எஸ். இதற்கும் பயன்படும். பிளே ஸ்டேஷன் 5 விளையாடும்போது சுமார் 200 வாட் எடுக்கும். சிறிய எல்.இ.டி. டி.வி. 60 முதல் 80 வாட் எடுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வாட். எனவே கன்சோல், டி.வி. இரண்டையும் தாங்கும். ஆனால் கம்ப்யூட்டரும் அதே யு.பி.எஸ்.ஸில் அதே நேரத்தில் ஓடக் கூடாது. மேலும் இது விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. சேமித்துவிட்டு முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதற்குத்தான்.

வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் பாருங்கள். பலவற்றில் யு.பி.எஸ். மோடு, சாதாரண மோடு என ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் இடைவெளி அதிகம், கன்சோல் அணைந்துவிடலாம். யு.பி.எஸ். மோடில் வைத்தால் அணையாமல் தொடர வாய்ப்பு அதிகம். இரண்டும் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, சர்ஜ் பாதுகாப்புடன் கூடிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். அது மின்வெட்டிலிருந்து காக்காது. திடீரென உயரும் மின்னழுத்தத்திலிருந்து ஓரளவு காக்கும். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றி வைப்பதற்கு இணையான பாதுகாப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது கண்ட்ரோலர்

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடினால் இது நல்ல செலவுதான். ஆனால் மாடல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிளே ஸ்டேஷன் 4-இன் கண்ட்ரோலர் பிளே ஸ்டேஷன் 5-உடன் இணையும். அதைக் கொண்டு பழைய பிளே ஸ்டேஷன் 4 விளையாட்டுகளை மட்டுமே விளையாடலாம். புதிய விளையாட்டுகளுக்கு ட்யூவல்சென்ஸ் கண்ட்ரோலர்தான் வேண்டும். "விலை குறைவு, இதுவும் ஓடும்" என்று கடையில் சொன்னால் அது பாதி உண்மை. எக்ஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர்கள் புதிய சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களிலும் முழுமையாக வேலை செய்யும்.

இரண்டு கண்ட்ரோலர்களையுமே கம்ப்யூட்டரிலும் பயன்படுத்தலாம். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை விண்டோஸ் தானாகவே அடையாளம் காணும். ட்யூவல்சென்ஸை ஸ்டீம் புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். எனவே இந்தச் செலவு இரண்டு கருவிகளுக்கும் பயன்படும் என்று கணக்கிடலாம்.

சில மாதங்களில் கண்ட்ரோலரைத் தொடாமலேயே திரையில் பாத்திரம் தானாக நகர்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இதை டிரிஃப்ட் என்கிறார்கள். வழக்கமான குச்சியின் அடியில் ரேடியோ வால்யூம் குமிழில் இருப்பது போன்ற மின்தடைப் பட்டை ஒன்று இருக்கிறது. அதன் மேல் உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே இருப்பதால் நாளடைவில் தேய்கிறது, தூசியும் சேர்கிறது. ஹால் எஃபெக்ட் என்ற வகையில் காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே இப்படித் தேய்வதில்லை. வேறு நிறுவனங்களின் கண்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் இந்த வகையைத் தேடலாம். அதிலும் உங்கள் கன்சோலின் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கவும்.

சார்ஜ் செய்வதற்கு, பெட்டியில் வந்த யு.எஸ்.பி. கேபிளே போதும். சார்ஜிங் ஸ்டாண்டு ஒரு வசதிதான், அவசியம் அல்ல. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் மட்டும் இரண்டு ஏ.ஏ. பேட்டரியில் இயங்குகிறது. அதற்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏ.ஏ. பேட்டரி நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கி வைத்தால் போதும். இரண்டு ஓடும்போது மற்ற இரண்டு சார்ஜ் ஆகும். அதே பேட்டரிகள் கடிகாரத்துக்கும் உதவும்.

ஹெட்செட்

இங்குதான் அதிகம் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். மொபைலுக்கு வாங்கிய புளூடூத் ஹெட்செட்டைப் பிளே ஸ்டேஷன் 5 நேரடியாக ஏற்பதில்லை. எக்ஸ்பாக்ஸும் ஏற்பதில்லை. சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பது இதில் உள்ள பெரிய குறை. பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. சுடும் காட்சிக்குப் பிறகு சத்தம் வந்தால் விளையாட முடியாது. கன்சோலுக்கான வயர்லெஸ் ஹெட்செட்டுகள் தமக்கென ஒரு சிறிய யு.எஸ்.பி. ரிசீவருடன் வருவது இதனால்தான்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. ட்யூவல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இரண்டின் அடியிலும் 3.5 மி.மீ. துளை உள்ளது. பழைய மொபைல் போனுடன் வந்த, மைக் உள்ள இயர்போனை அதில் செருகினால் ஒலியும் கேட்கும், பேசவும் முடியும். பிளே ஸ்டேஷன் 5-இன் முப்பரிமாண ஒலியும் அதிலேயே கிடைக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய யு.எஸ்.பி. ஹெட்செட் பெரும்பாலும் பிளே ஸ்டேஷன் 5-ல் வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸில் பெரும்பாலும் செய்யாது. ஸ்விட்ச் 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு புளூடூத் ஒலியை ஏற்கிறது. ஆனால் முதல் ஸ்விட்சில் புளூடூத் ஹெட்செட்டின் மைக் இயங்காது.

மானிட்டரும் கேபிளும்

டி.வி.யை வீட்டில் மற்றவர்கள் பார்க்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் மானிட்டரில் விளையாடலாம். எச்.டி.எம்.ஐ. போர்ட் இருந்தால் நேரடியாக இணைக்கலாம். டி.வி.ஐ. போர்ட் மட்டும் இருந்தால் விலை குறைந்த எச்.டி.எம்.ஐ. - டி.வி.ஐ. அடாப்டர் போதும். படம் வரவில்லை என்றால் டி.வி.யில் இணைத்து, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் எச்.டி.எம்.ஐ.க்குச் சென்று எச்.டி.சி.பி.யை நிறுத்திப் பாருங்கள். அப்போது படம் பார்க்கும் ஆப்கள் இயங்காது, விளையாட்டு இயங்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் மேலே சொன்னபடி கண்ட்ரோலரில் இயர்போனைச் செருகுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் தனியாக வாங்க வேண்டியதே இல்லை. பிளே ஸ்டேஷன் 5 பெட்டியில் வருவது 4கே படத்தை வினாடிக்கு 120 முறை அனுப்பக்கூடிய தரமான கேபிள்தான். அதைத் தொலைத்துவிட்டால் மட்டும், அட்டையில் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற சான்று ஸ்டிக்கர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தங்க முலாம் பூசியது என்பதால் படம் தெளிவாகிவிடாது.

கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. கீ போர்டைப் பிளே ஸ்டேஷன் 5-ல் செருகினால் பெயர், பாஸ்வேர்டு டைப் செய்வது சுலபமாகும். கன்சோலும் மோடமும் ஒரே அறையில் இருந்தால் ஒரு லேன் கேபிள் வாங்குங்கள். குறைந்த செலவில் வைஃபையை விட நிலையான இணைப்பு கிடைக்கும்.

டிஸ்க் டிரைவ்

பிளே ஸ்டேஷன் 5-இன் சிறிய டிஜிட்டல் மாடல், புரோ மாடல் இரண்டிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது. தனியாக வாங்கிப் பொருத்தலாம். முதல் முறை பொருத்தும்போது இணைய இணைப்பு தேவை. டிஸ்க்கில் வாங்கிய விளையாட்டை முடித்த பிறகு விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம், பழையதாகவும் வாங்கலாம். டவுன்லோட் செய்ததை விற்க முடியாது. ஆண்டுக்கு நான்கைந்து விளையாட்டுகள் வாங்கும் வீட்டில் இந்த டிரைவ் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். 2020-ல் வந்த பழைய டிஜிட்டல் மாடலில் இதைப் பொருத்த முடியாது என்பதை மறக்காதீர்கள்.

விட்டுவிட வேண்டியவை

கூலிங் ஃபேன்: பிளே ஸ்டேஷன் 5-க்குள்ளேயே பெரிய ஃபேன் ஒன்று உள்ளது. முன்புறம் காற்றை இழுத்துப் பின்புறம் வெளியேற்றும்படி அதன் காற்றுப்பாதை அமைந்துள்ளது. வெளியே ஒட்டும் சிறு ஃபேன் அந்தப் பாதையில் தடையாகலாம். சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விட்டு, கதவு மூடிய டி.வி. ஸ்டாண்டுக்குள் வைக்காமல் இருந்தாலே போதும். மேல் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் இரண்டு தெரியும். கன்சோலை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு அவற்றை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யலாம்.

துணி உறை: கன்சோல் முழுவதும் நின்ற பிறகு மட்டுமே போடலாம். ரெஸ்ட் மோடில் இருக்கும்போதும் போடக் கூடாது.

வேறு நிறுவன டாக்: ஸ்விட்சை டி.வி.யில் இணைக்கும் டாக்கை வேறு தயாரிப்பில் வாங்காதீர்கள். 2018-ல் ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு, இப்படிப்பட்ட டாக்குகளில் வைத்த சில ஸ்விட்ச்கள் அடியோடு செயலிழந்துவிட்டன.

ஸ்டியரிங் வீல்: கார் பந்தயத்தை மாதக் கணக்கில் விளையாடிய பிறகு யோசிக்கலாம். ஒரே நிறுவனம் பிளே ஸ்டேஷனுக்கு ஒரு மாடலும் எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு மாடலும் விற்கிறது. ஒன்று மற்றதில் ஓடாது.

எந்த வரிசையில் வாங்குவது?

முதல் நாள்: சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அல்லது யு.பி.எஸ். வேறு எதுவும் வேண்டாம்.

முதல் மாதத்தில்: இரண்டு பேர் விளையாடுகிறார்கள் என்பது உறுதியானால் இரண்டாவது கண்ட்ரோலர். மோடம் அருகில் இருந்தால் லேன் கேபிள்.

"இடம் போதவில்லை" என்று கன்சோல் சொல்லும்போது: முதலில் ஹார்ட் டிஸ்க். மாற்றி மாற்றி வைப்பது சலித்துப்போன பிறகு எஸ்.எஸ்.டி. நாள் செல்லச் செல்ல இவற்றை நீங்கள் அவசரமின்றி விலை பார்த்து வாங்கலாம்.

மற்றவை: பிள்ளைகள் இரண்டு முறை கேட்ட பிறகு, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அவர்களையே பதில் சொல்லச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, கன்சோலின் மாடல் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டால், நாளை கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கும்போதும் அது உதவும்.